முகப்புப் பக்கத்தில் மாலை

எங்கள் இணையக் கடையில் எல்லாம் இருந்தது, தொலைபேசி எண் மட்டும் கிடையாது. அப்படித்தான் வேண்டும் என்று கேட்டுச் செய்துகொண்டேன். "போன் நம்பர் இல்லாத கடையை எவன்க்கா நம்புவான்?" என்று என் தம்பி தலையில் அடித்துக்கொண்டான். நம்புகிறவன் நம்பட்டும், நம்பாதவன் போகட்டும். எனக்கு அந்தப் போன் அடிக்கக் கூடாது. என் தேவை அவ்வளவுதான்.

நாங்கள் விற்றது தாளிப்பு வடகம். சின்ன வெங்காயத்தையும் பூண்டையும் தட்டி, கடுகு, உளுந்து, வெந்தயம், சீரகம், மஞ்சள் எல்லாம் சேர்த்து விளக்கெண்ணெய் விட்டுப் பிசைந்து, மொட்டை மாடியில் காயவைத்து, மாலையில் உதிர்த்து மறுபடி உருட்டி, மறுநாள் மறுபடி காயவைத்து... சொன்னாலே கை வலிக்கிறது. எங்கள் பாண்டிச்சேரியில் பாதிப் பேருக்குப் பிரான்சில் ஒரு அத்தையோ சித்தப்பாவோ இருப்பார்கள். அங்கே எத்தனை வருஷம் குளிரில் கிடந்தாலும் மீன்குழம்பில் வடகம் விழாவிட்டால் அவர்களுக்குச் சாப்பாடு இறங்காது. என் வீட்டுக்காரர் மில்லில் வேலை பார்த்தவர். மில் மூடிய பிறகு சும்மா உட்கார்ந்திருந்தவர், பக்கத்து வீட்டு அம்மாள் பாரீசிலிருக்கும் மகளுக்கு என் வடகத்தைக் கட்டிக்கொடுத்ததைப் பார்த்துவிட்டு, இதையே தொழிலாகச் செய்யலாமே என்று ஆரம்பித்தார். அந்த மகள் அவள் நாத்தனாரிடம் சொல்ல, நாத்தனார் மாதாகோயிலில் நாலு பேரிடம் சொல்ல, நாங்கள் இரண்டு பேர் செய்துகொண்டிருந்த வேலைக்குத் தவளக்குப்பத்திலிருந்து இரண்டு பெண்கள் பஸ் ஏறி வரும்படி ஆயிற்று.

வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். செய்வது நான், பேசுவது அவர். இங்கே ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என்றால் அங்கே பூசை முடிந்து மத்தியானம் சாப்பிட உட்காரும் நேரம். வரிசையாகப் போன் வரும். "அலோ, சாவா மிஸ்ஸே?" என்று சுகம் விசாரித்து ஆரம்பிப்பார். அவருடைய பிரெஞ்சு அதோடு முடிந்தது. கடைசியில் நன்றிக்கு ஒரு மெர்சி உண்டு. நடுவில் எல்லாம் தமிழ்தான். யார் பிள்ளைக்கு வேலை கிடைத்தது, யாருக்கு முட்டி வலி, அங்கே பனி விழுந்ததா இல்லையா என்று உலகத்துக் கதையெல்லாம் பேசிவிட்டு, வைக்கப்போகும்போதுதான் "எத்தினி கிலோ?" என்பார். நான் உள்ளே இருந்து, "வியாபாரம் பண்றீங்களா, சம்பந்தம் பேசறீங்களா?" என்று கத்துவேன். "ரெண்டும் ஒண்ணுதான்டி" என்பார். நேரில் ஒருவரையும் பார்த்தது கிடையாது. அவர்களும் இவர் முகத்தைப் பார்த்ததில்லை.

ஒரு மாசி மாதக் காலையில் குழாயடியில் பல் விளக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது. இதற்குமேல் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

நான் அழவில்லை. வைராக்கியம் ஒன்றும் இல்லை, வரவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் என்னைக் கட்டிப்பிடித்து, "அழுதுடுடி, அழுதுட்டா நெஞ்சு பாரம் குறையும்" என்று உலுக்கினார்கள். கேட்டதும் எடுத்துக் கொடுக்க அழுகை என்ன அரிசியா பருப்பா? பசித்தது, சாப்பிட்டேன். தூக்கம் வந்தது, தூங்கினேன். பங்குனி வந்தது, வெங்காயம் வரவழைத்தேன். வெயில் காலம் தப்பினால் அந்த வருஷத்துக்கு வடகம் கிடையாது. மாடியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தால் கண்ணில் தண்ணீர் கொட்டும் அல்லவா, அதைப் பார்த்து அந்தத் தவளக்குப்பத்துப் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டு உச்சுக் கொட்டுவார்கள். நல்லதாய்ப் போயிற்று என்று விட்டுவிட்டேன்.

போன்தான் என்னை விடவில்லை. பத்திரிகை அடித்து அனுப்ப அவர்கள் என்ன சொந்தக்காரர்களா? ஒருவருக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அடிக்கும். எடுத்தால் பொம்பிளைக் குரல் என்றதும் ஒரு தயக்கம், அப்புறம், "ஐயா இல்லீங்களா?" என்பார்கள்.

"அவரு தவறிட்டாருங்க."

"ஐயோ மாதாவே! எப்போம்மா? எப்பிடிம்மா? போன தபா கூட என் மவ கல்யாணத்தப் பத்திக் கேட்டாரேம்மா!"

கேட்டுவிட்டு ஓவென்று அழுவார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஆம்பிளைகள்கூட விசும்புவார்கள். முகம் தெரியாத மனுஷனுக்காக எங்கேயோ இருந்துகொண்டு அழுகிறார்களே என்று நான் மரம்போல நின்றுகொண்டிருப்பேன். "அழாதீங்க, என்ன பண்றது, அவரு விதி" என்று நான்தான் அவர்களுக்கு ஆறுதல் சொல்லவேண்டும். சர்க்கரை இருந்ததா, பிரஷர் இருந்ததா, கடைசியில் ஏதாவது பேசினாரா என்று கேட்பார்கள். எல்லாம் விவரமாகச் சொல்வேன், ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்டவருக்குச் சொல்வதுபோல. பாதி அழுகையில் அவர்களுடைய போன் கார்டு தீர்ந்து லைன் அறுந்துவிடும். இன்னொரு கார்டு போட்டு மறுபடி கூப்பிட்டு மிச்சத்தை அழுவார்கள். வைக்கும்போது கூச்சத்தோடு, "ரெண்டு கிலோ அனுப்பறீங்களாம்மா?" என்பார்கள்.

சொல்லச் சொல்ல அந்த வாக்கியம் எனக்கே பழகிவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. கட்டின புருஷன் செத்ததைப் பார்சல் கணக்குச் சொல்வதுபோல ஒருத்தி சொல்லுவாளா? மற்றவர்கள் அழுவதைக் கேட்கக் கேட்க, எனக்குள்ளே ஏதோ செத்துப் போயிருக்கிறது என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரிசீவரை எடுத்துத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். அந்த வாரம் ஆர்டர் ஒன்றும் இல்லை. காய்ந்த வடகம் டப்பா டப்பாவாக இருந்தது, வேலைக்கு வரும் பெண்களை என்ன செய்வது?

அப்போதுதான் தம்பி சென்னையிலிருந்து வந்தான். அவனுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "அக்கா, இண்டர்நெட்ல கடை போட்டுடலாம். அவங்களே பாத்து, அவங்களே எடுத்து, அவங்களே பணம் கட்டிடுவாங்க. நீ யார்கிட்டயும் வாயத் தொறக்க வேணாம்" என்றான். வாழ்நாளில் அவன் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மூன்று வழி சொன்னான். முதலாவது, அமெரிக்காவில் ஒரு கம்பெனி ஆயத்தமாகவே கடை வைத்திருக்கிறது. மாத வாடகை கட்டினால் போதும். இன்றைக்குச் சேர்ந்து நாளைக்கே விற்கலாம். தம்பிக்கு அதுதான் பிடித்திருந்தது. இரண்டாவது, சென்னையில் ஒரு இணையச் சந்தை. முறுக்குக்காரர், பித்தளை விளக்குக்காரர் எல்லோருக்கும் நடுவில் நமக்கும் ஒரு மூலை கொடுப்பார்கள். மூன்றாவது, நம்மூரிலேயே கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிற ஒரு பெண், காசில்லாமல் கிடைக்கிற மென்பொருளை இறக்கி நமக்கென்றே ஒரு கடை கட்டித்தருவதாகச் சொன்னாள்.

சென்னைச் சந்தையில் நான் கொஞ்சம் மயங்கினேன். அவர்களிடம் போன் எடுக்க ஆள் உண்டாம், நம்முடைய வாடிக்கைக்காரர்களுக்கும் அவர்களே பதில் சொல்வார்களாம். அப்பாடா என்றிருந்தது. அப்புறம் யோசித்தேன். ஐயா எங்கே என்று ஒருவர் கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்லுவாள்? உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம், காத்திருங்கள் என்பாளா? வேண்டாம் என்றுவிட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் பார்சல் கம்பெனியிலிருந்து புதிதாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். "சார் இருக்காரா?" என்று கேட்கத்தான் வாயெடுத்தார். "சார்" வரைக்கும் வந்துவிட்டது. நிமிர்ந்தால் எதிரே சுவரில் அவர் படம், மேலே ரோஜா மாலை, நெற்றியில் குங்குமம். டக்கென்று வாயை மூடிக்கொண்டார். செருப்பை ஓரமாகத் தள்ளிவிட்டு, குரலைத் தணித்து, "எடை போட்டுடலாமாம்மா?" என்றார். போட்டார், கட்டினார், போனார். ஒரு கேள்வி இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கவில்லை.

எனக்கு அந்த நிமிஷத்தில் புத்தியில் ஏறியது. எனக்கு வேண்டியது ஒரு சுவர். பிரான்சில் இருக்கிறவர்கள் நுழைந்ததும் பார்க்கிற மாதிரி ஒரு சுவர்.

அன்றைக்கே தம்பியைப் போனில் பிடித்தேன். "அந்த அமெரிக்காக் கடையில முதல் பக்கத்துல மாமா போட்டோவைப் பெருசா வெக்கமுடியுமாடா? மாலையோட."

"மாலையோடயா? அக்கா, மேல லோகோ வெக்க ஒரு பட்டை இருக்குது, விரல் அகலம். அவ்ளோதான். போட்டோ வேணும்னா 'எங்களைப் பற்றி'ன்னு தனியா ஒரு பக்கம் இருக்கும், அதுல வெச்சுக்கலாம்."

"அதை யார் பாப்பாங்க?"

"யாரும் பாக்கமாட்டாங்க. ஆனா கீழ போன் நம்பர் கண்டிப்பாப் போடணும்."

"அப்ப எனக்கு அது வேணாம்."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. கம்ப்யூட்டர் சென்டர்க்காரி கட்டுகிற கடையில் ஒரு கோளாறு வந்தால் அவளைத் தவிர யாரும் கைவைக்க முடியாது, வங்கி அட்டையில் பணம் வாங்க ஏற்பாடு செய்யவே மாசக்கணக்கில் இழுக்கும், பாதுகாப்பு இல்லை என்று அடுக்கினான். எல்லாம் நியாயம்தான். "அந்தம்மா நாளைக்கே சென்டரை மூடிட்டுப் போயிட்டா என்னாக்கா பண்ணுவே?" என்றான்.

"இருப்பாங்கன்னு நெனச்சவங்க எல்லாம் இருந்துட்டாங்களா?" என்றேன். மறுநாளே அந்த சென்டருக்குப் போனேன்.

அந்த சென்டர்க்காரி அப்போது நிறைமாசம். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தபடி தட்டிக்கொண்டிருப்பாள். பேச்சும் விசைப்பலகை மாதிரிதான், டக்டக்கென்று இருக்கும். நான் சொன்னதை அவள் ஒரு நிமிஷத்தில் புரிந்துகொண்டாள். "முதல் பக்கத்துல ஐயா படம். மாலையோட. போன் நம்பர் வேணாம். அவ்ளோதானேக்கா? வெச்சுடலாம்." அதில் வினோதம் எதுவும் அவளுக்குத் தெரியவில்லை. அவள் மாமனார் படத்துக்கும் வீட்டில் மாலை தொங்குகிறது, அவளுக்கு என்ன?

தேதி போடவேண்டுமா என்று கேட்டாள், தோற்றம் மறைவு என்று. நான் சரி என்றேன். தம்பி ஒற்றைக்காலில் நின்றான். "கடைக்கா அது, கண்ணீர் அஞ்சலியா? பாக்கறவன் பயந்து ஓடிடுவான்" என்றான். போகட்டும், எழுத்து எதற்கு, மாலை போதாதா? மாலை போட்ட படத்தைப் பார்த்துத் தமிழனுக்குப் புரியாமல் போகுமா என்று விட்டுக்கொடுத்தேன்.

பெரிய மார்க்கெட்டில் சொல்லிவைத்து நல்ல ரோஜா மாலையாக வாங்கினேன். அவள் தன் டிஜிட்டல் கேமராவோடு மெதுவாகப் படியேறி வந்து படம் பிடித்தாள். கண்ணாடியில் டியூப்லைட் விழுந்து பளிச்சென்று ஒரு கோடு வந்தது. சட்டத்தின் ஓரங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டியெடுத்து, வெளிச்சத்தையும் துடைத்துவிட்டாள். கடைசியில் திரையில் பார்த்தால் சட்டமும் இல்லை, கண்ணாடியும் இல்லை, சுவரும் இல்லை. அவர் மட்டும், கழுத்தில் மாலையோடு. அந்தப் படம் ஸ்டூடியோக்காரர் எங்கள் சொந்தத்தில் ஒரு கல்யாணத்தில் எடுத்ததிலிருந்து அவரை மட்டும் பிரித்துப் பெரிதாக்கிக் கொடுத்தது. வெள்ளைச் சட்டை. யாரோ ஏதோ கிண்டல் செய்திருக்கிறார்கள், பல் தெரியச் சிரிக்கிறார். "நல்லா வந்திருக்குதுக்கா" என்றாள். நல்லா வந்திருந்தது. எனக்கு அதைப் பார்த்தும் ஒன்றும் ஆகவில்லை.

அதற்கப்புறம் பழைய வாடிக்கைக்காரர்களின் விலாசத்துக்கெல்லாம் ஒரு சீட்டில் இணைய முகவரியை எழுதி அனுப்பினோம். முதலில் ஒன்றிரண்டு வந்தது, பிறகு வாரத்துக்கு வாரம் கூடியது. சென்டரிலிருந்து ஆர்டர்களை அச்செடுத்துக் கொடுத்தனுப்புவாள். பெயர், விலாசம், எத்தனை கிலோ. கேள்வி இல்லை, அழுகை இல்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் வீடு அமைதியாக இருந்தது. புதிதாக இன்னொரு பெண்ணை வேலைக்கு வைத்துக்கொண்டேன். "பாத்தியா, தொழில் எப்பிடி எழும்பிடுச்சு" என்றான் தம்பி, என்னவோ அவன் சொன்ன கடையை நான் கட்டினதுபோல. எழும்பியது. சந்தோஷப்படவேண்டும் என்று தெரிந்தது. நெஞ்சு வாசல்கதவு பூட்டின வீடாகவே இருந்தது.

ஒருநாள் சென்டர்க்காரி ஒரு தாளைக் கையில் வைத்துக்கொண்டு முழித்தாள். வெள்ளைக்கார அம்மாள் ஒருத்தி வடகம் வாங்கிவிட்டுப் பிரெஞ்சில் எழுதியிருந்தாள். எதிர் வீட்டு வாத்தியாரிடம் படிக்கச் சொன்னதில், முதல் பக்கத்து ஐயாவுக்குப் பாராட்டுகள், மாலை போட்டுக் கௌரவிக்கும் அளவுக்கு அவர் என்ன பரிசு வாங்கினார் என்று கேட்டிருக்கிறாளாம். "மாத்திடலாமாக்கா?" என்றாள் சென்டர்க்காரி, முகம் சுண்டிப்போய். வெள்ளைக்காரிக்கு நம் வழக்கம் என்ன தெரியும், நம்ம ஜனங்களுக்குத் தெரிந்தால் போதும் என்றேன். பதில் போட வேண்டாம் என்றும் சொன்னேன். நல்ல பரிசுதான் வாங்கினார் மனுஷன்.

ஐப்பசி மழை பிடித்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. போன் அடித்தது. ரொம்ப நாளாக ஓய்ந்திருந்ததால், உள்ளூரில் யாரோ என்று நினைத்து எடுத்துவிட்டேன்.

"அலோ? மதாம்? போன்ழூர்." பிள்ளைக்குரல். பத்துப் பன்னிரண்டு வயசு இருக்கலாம். தமிழை வாயில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்தது. "அம்மா வடகம் வாங்கச் சொன்னாங்க. நான் ஓர்தினத்தேர்ல... கம்ப்யூட்டர்ல பாக்கறேன். இது அந்த ஐயா கடைதானா? அம்மா டயரில இந்த நம்பர் இருக்கு."

"அந்தக் கடைதாம்மா. அம்மா இல்லியா?"

"அம்மா வேலைக்குப் போயிருக்காங்க. அவங்க இன்னும் இந்தக் கடையப் பாக்கல. நான்தான் பாக்கறேன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, ரகசியம் கேட்பதுபோலக் கேட்டது. "மதாம், போட்டோல இருக்கறதுதான் அந்த ஐயாவா?"

வந்துவிட்டது. வாயில் பழகின வாக்கியம் தயாராக நின்றது. "ஆமாம்மா" என்றேன்.

"அம்மா சொன்னாங்க அவர் தாத்தா மாதிரின்னு. தாத்தா மாதிரியே இல்ல. நல்லா சிரிக்கறார். நாங்க பாண்டிச்சேரி வந்தப்போ என் மாமா கல்யாணத்துல அவர் இதே மாதிரி மாலை போட்டிருந்தார், பொட்டு வெச்சிருந்தார். இது கல்யாண போட்டோவா?"

மேசையில் அந்த வாரத்து ஆர்டர் தாள்கள் கிடந்தன. ஒவ்வொன்றின் தலைப்பிலும் கட்டைவிரல் அளவுக்கு அவர் படம் அச்சாகியிருக்கும். அதை எடுத்துப் பார்த்தேன். எத்தனை மாதமாகக் கையில் புரள்கிற படம். மாலை, பொட்டு, வெள்ளைச் சட்டை, சிரிப்பு. அந்தப் பிள்ளை சொன்னது சரிதான். சுவர் இல்லை, சட்டம் இல்லை. மணவறையில் உட்கார்ந்திருக்கிறவர் மாதிரிதான் இருந்தார். இன்றைக்குத்தான் கல்யாணம், இனிமேல்தான் எல்லாம் என்பதுபோல.

"மதாம்? கல்யாணமா?"

"ஆமாம்மா" என்றேன். "கல்யாணம்தான்."

"அப்ப பொண்ணு எங்க? பக்கத்துல காணோமே."

"நான்தாம்மா பொண்ணு" என்றேன். குரல் என்னுடையதாக இல்லை. "நான் இங்கதாம்மா இருக்கேன். அவருதான்... அவரு செத்துப் போயிட்டாரும்மா."

தவறிட்டாரு என்று சொன்னதுதான், செத்து என்கிற வார்த்தையை நான் அதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னதும் அடிவயிற்றிலிருந்து என்னவோ கிளம்பியது. உள்ளே பொட்டலம் கட்டிக்கொண்டிருந்த பெண்கள் மூன்று பேரும் ஓடி வந்துவிட்டார்கள். ஐயோ என்னை விட்டுட்டுப் போயிட்டீங்களே, என் ராசா, பேசிப் பேசியே போயிட்டீங்களே என்று நான் தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொண்டிருந்தேன், ரிசீவரை விடாமல். அதற்குள்ளிருந்து அந்தப் பிள்ளை பயந்துபோய் மதாம், மதாம் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

"மதாம், அழுவுறீங்களா?"

"ஆமாம்மா" என்றேன். "அழுவுறேன்."